சராசரிக்குக் கீழே எட்டு மொழிகள்

1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பெரிய அந்தமானியர்களைப் பத்துக் குழுக்களாகப் பிரித்து எண்ணியது. ஜெரு 218 பேர், கோரா 96, கெடே 59, புசிக்வார் 50, போ 48, ஜுவோய் 48, சாரி 39, பேயா 37, பாலே 19, கோல் 11. மொத்தம் 625. ஒவ்வொரு குழுவுக்கும் தனிப் பேச்சு இருந்தது. பக்கத்துப் பக்கத்துக் குழுக்கள் ஒன்றையொன்று ஓரளவு புரிந்துகொண்டன. வடகோடியில் இருந்தவர் பேச்சு தென்கோடியில் இருந்தவருக்குப் புரியாது. பத்து எண்களையும் கூட்டிப் பத்தால் வகுத்தால் சராசரி 62.5. அந்தச் சராசரியைத் தாண்டியவை ஜெருவும் கோராவும் மட்டுமே. மற்ற எட்டும் அதற்குக் கீழே நிற்கின்றன. வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுத்தால் 48தான் வருகிறது. வகுத்ததில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் 62.5 என்று கேட்டதும் மனத்தில் எழுகிற சித்திரம், ஏறக்குறைய ஒரே அளவான பத்துக் குழுக்கள் என்ற சித்திரம், அந்தமானில் இருந்ததே இல்லை. இருந்தது ஒரு பெரிய குழு, ஒரு நடுத்தரக் குழு, அவற்றுக்குப் பின்னால் எட்டுச் சிறு குழுக்களின் நீண்ட வால்.

புள்ளியியலில் பரவல் என்பது ஒரு தொகுதிக்குள் எந்த அளவு எத்தனை முறை வருகிறது என்பதன் முழு வடிவம். மனிதர்களின் உயரத்தை எடுத்துக்கொண்டால் பெரும்பாலோர் சராசரியை ஒட்டியே குவிகிறார்கள். பாடநூல்களில் மணி போல வரையப்படும் வளைவு அதுதான். அங்கே சராசரியும் திட்டவிலக்கமும் தெரிந்தால் மீதியை ஊகித்துக்கொள்ளலாம். தீவுகளும் மொழிகளும் சொற்களும் அந்த வளைவுக்குள் அடங்குவதில்லை. அந்தமான் நிக்கோபாரில் பாறைத்திட்டுகளையும் சேர்த்து 836 தீவுகள் உள்ளன. 2011இல் மக்கள் 3,80,581 பேர். தீவுக்கு 455 பேர் என்று வகுத்துச் சொல்வதால் யாருக்கும் எதுவும் விளங்காது. பெரும்பாலான தீவுகளில் ஆளே இல்லை. தெற்கு அந்தமான் மாவட்டத்தில் மட்டும் 2,38,142 பேர் இருந்தார்கள். உலகின் சுமார் 7,000 மொழிகளிலும் இதே கதைதான். இருபத்துச் சொச்சம் மொழிகளே மனிதகுலத்தின் பாதிப் பேருக்குத் தாய்மொழி. மற்ற பாதியை ஆயிரக்கணக்கான மொழிகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. இத்தகைய பரவலில் தலை சிறியது, கனம் மிகுந்தது. வால் நீளமானது, கனமற்றது. கனத்தை மட்டும் பார்க்கிறவருக்கு வாலை வெட்டிவிட்டாலும் பெரிதாக எதுவும் இழந்ததாகத் தோன்றாது. மொழியைப் பொறுத்தவரை அந்த எண்ணம் தவறு என்பதும், அந்தத் தவற்றை நம் அரசின் கணக்கேடு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவருகிறது என்பதும்தான் நான் சொல்ல வருவது.

1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 1,652 தாய்மொழிகளைப் பட்டியலிட்டது. 1971 முதல் நாடு முழுவதிலும் சேர்த்துப் பத்தாயிரம் பேராவது பேசும் மொழிகள்தாம் பெயரோடு அச்சாகின்றன. மற்றவை ‘பிற’ என்ற ஒரே வரிக்குள் போய்விடுகின்றன. 2011இல் அப்படிப் பெயர் பெற்றவை 121 மொழிகள். இந்த அட்டவணையில் தீவுகளைப் பார்த்தால் வங்காளி பேசுவோர் நூற்றுக்கு 28 பேருக்குச் சற்று மேல், இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13, அடுத்து நிக்கோபாரியும் மலையாளமும். சோட்டா நாக்பூரிலிருந்து காடு வெட்டக் கொண்டுவரப்பட்டவர்களின் குருக்கும் முண்டாவும் உண்டு. நிக்கோபாரியைத் தவிர, தலையில் இருப்பவை எல்லாமே கடல் கடந்து வந்த மொழிகள். நம் தமிழும் அப்படித்தான் வந்தது. கூலி வேலைக்கும் வணிகத்துக்கும் அரசுப் பணிக்கும் வந்தவர்களோடு வந்தது. இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர்களோடு காட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கும் வந்தது. அந்தமானின் மண்ணின் மொழிகள் ஒன்றுகூடப் பத்தாயிரம் என்ற கோட்டை எட்டவில்லை. எட்டியிருக்கவும் முடியாது: 2011இல் ஜாரவாக்கள் 380 பேர், ஓங்கேக்கள் 101, பெரிய அந்தமானியர் 44. கோட்டைத் தாண்டிய ஒரே தொல்குடித் தலைப்பு நிக்கோபாரி, ஏறத்தாழ 29,000 பேர். அதுவும் கார் நிக்கோபார், சௌரா, தெரெசா, நான்கௌரி என ஒன்றுக்கொன்று எளிதில் புரியாத பல பேச்சுகளுக்கு இடப்பட்ட ஒரே பெயர். பெரிய நிக்கோபாரின் உட்காட்டில் வாழும் 229 ஷொம்பென்களின் மொழிக்கு அதுவும் இல்லை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. பழங்குடி அட்டவணையில் பெரிய அந்தமானியர் 44 பேர் என்று அதே கணக்கெடுப்பு பெயர் சொல்லி எண்ணுகிறது. மொழி அட்டவணைக்கு வந்ததும் அவர்கள் ‘பிற’ ஆகிவிடுகிறார்கள். 44 பேரில் எத்தனை பேர் தங்கள் மொழியைத் தாய்மொழி என்று சொன்னார்கள், எத்தனை பேர் இந்தி என்று சொன்னார்கள் என்பதே அந்தத் தீவுகளில் மொழியைப் பற்றி அறிய வேண்டிய முதல் செய்தி. அது கேட்கப்பட்டது, எழுதப்பட்டது, பிறகு அச்சிடப்படவில்லை. பத்தாயிரம் என்ற கோடு நாடு முழுமைக்கும் பார்த்து இட்டது. அந்த அளவில் அது மிகச் சிறிய எண். அதையே அந்தமானில் வைத்தால் மண்ணின் மொழி ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளும் அதே கோட்டுக்குக் கீழேதான் கிடக்கின்றன. தீவுக் கதை நமக்குத் தூரத்துக் கதை இல்லை.

எண்ணிக்கை சிறியதானால் என்ன, மொழியின் அமைப்பை ஒருவரிடமிருந்தே எழுதிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். இங்கேதான் மொழியியலில் பரவல் என்ற கருத்து வருகிறது. ஒரு கூறு எந்தெந்த இடங்களில் வரும், எங்கெங்கே வராது என்பதன் மொத்தமே மொழியியலாளருக்குப் பரவல். தமிழ் மரபுக்கு இந்தப் பார்வை மிகப் பழையது. எந்த எழுத்து சொல்லின் முதலில் நிற்கும், எது ஈற்றில் நிற்கும், எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரும் என்று தொல்காப்பிய எழுத்ததிகாரம் வகுத்துச் சொல்வது இதைத்தான். ‘கல்’, ‘தங்கம்’, ‘அகல்’ மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. ஒன்று வரும் இடத்தில் மற்றது வராது. அதனால்தான் மூன்றுக்கும் ஓர் எழுத்து போதுமாக இருக்கிறது. 1954இல் அமெரிக்க மொழியியலாளர் ஸெல்லிக் ஹாரிஸ் இந்தப் பார்வையை ஒரு முறையியலாகவே வளர்த்தார். இன்று கணினி மொழியை எழுதுவதும் மொழிபெயர்ப்பதும் அதன் வழிவந்த வேலைதான்: எந்தச் சொல் எந்தச் சொற்களின் அருகில் வருகிறது என்பதைக் கோடிக்கணக்கான வாக்கியங்களில் எண்ணிப் பார்ப்பது. ஒரே இடத்தில் ஒரே முறை கண்ட வடிவத்தை வைத்து இலக்கணம் எழுத முடியாது. அது வராத இடங்களும் தெரிந்தாக வேண்டும்.

பெரிய அந்தமானிய மொழியில் இது எவ்வளவு தேவை என்பதை மொழியியலாளர் அன்விதா அப்பியின் ஆய்வு காட்டுகிறது. 2005 முதல் ஸ்ட்ரெயிட் தீவிலும் போர்ட் பிளேரிலும் எஞ்சிய பேச்சாளர்களோடு உழைத்து 2012இல் அகராதியையும் 2013இல் இலக்கணத்தையும் வெளியிட்டவர் அவர். அந்த மொழியில் உடலை ஏழு மண்டலங்களாகப் பிரிக்கும் முன்னொட்டுகள் உள்ளன. வாயும் அதைச் சார்ந்தவையும் ஒரு மண்டலம், உடலின் பெரிய வெளியுறுப்புகள் இன்னொன்று, விரல் நுனி போன்ற கடைக்கோடிகள் ஒன்று, உள்ளுறுப்புகள் ஒன்று, இப்படி ஏழு. இவை உறுப்புப் பெயர்களோடு நின்றுவிடுவதில்லை. வினையோடும் பண்போடும் சேர்ந்து பொருளைத் திருப்புகின்றன. குறிபார்ப்பதைச் சொல்லும் ஒரே வேர், முன்னொட்டு மாறும்போது மேலிருந்து குறிபார்ப்பதாகவும், தொலைவிலிருந்து குறிபார்ப்பதாகவும், துளைக்கும்படி குறிபார்ப்பதாகவும் மாறுகிறது. இலக்கணம் முழுவதும் மனித உடலை அச்சாகக் கொண்டு சுழலும் இந்த அமைப்பு, அப்பியின் பார்வையில், அறியப்பட்ட மற்ற மொழிக் குடும்பங்களில் இல்லாதது. ஒரு வேரை ஒரு முன்னொட்டோடு மட்டும் கேட்டவருக்கு இந்த அமைப்பு இருப்பதே தெரியாது. அதே வேர் ஏழில் எவற்றை ஏற்கிறது, எவற்றை மறுக்கிறது என்று சொல்லுக்குச் சொல் பார்த்தால்தான் புலப்படும். அதற்கு நிறையப் பேச்சு வேண்டும், மீன்பிடிப்பும் வேட்டையும் சண்டையும் சமாதானமுமாகப் பல சந்தர்ப்பங்கள் வேண்டும், பேச ஆட்கள் வேண்டும்.

பேச்சு குறைந்தால் எது முதலில் போகும்? சொற்களின் பரவலும் நீண்ட வாலுடையது. ஒரு மொழியில் சில சொற்கள் ஓயாமல் வரும். பெரும்பாலானவை மிக அரிதாக வரும். எந்தப் பெரிய நூலை எடுத்தாலும் அதிலுள்ள வெவ்வேறு சொற்களில் ஏறத்தாழ பாதி ஒரே ஒருமுறைதான் வந்திருக்கும். ஷேக்ஸ்பியரின் எழுத்து முழுவதிலும் 31,534 வெவ்வேறு சொற்கள். அவற்றில் 14,376 ஒரு முறைக்கு மேல் தலைகாட்டவில்லை. இந்த ஒருமுறைச் சொற்கள் குப்பை இல்லை என்பதை புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1943இல் கணக்கால் காட்டினார். அலெக்சாண்டர் கார்பெட் இரண்டு ஆண்டுகள் மலாயாவில் வண்ணத்துப்பூச்சிகளைச் சேகரித்திருந்தார். ஒரே ஒரு பூச்சி மட்டும் சிக்கிய இனங்கள் 118, இரண்டு சிக்கியவை 74, மூன்று 44, இப்படி அட்டவணை போனது. இன்னும் இரண்டு ஆண்டுகள் பிடித்தால் எத்தனை புதிய இனங்கள் கிடைக்கும் என்பது கேள்வி. ஃபிஷரின் விடை ஏறத்தாழ 75. அதுவரை காணாததன் அளவை, ஒருமுறையும் இருமுறையும் கண்டவற்றின் எண்ணிக்கை காட்டிக்கொடுத்தது. போர்க்காலத்தில் ஆலன் டூரிங் கண்ட வழியை விரித்து 1953இல் ஜாக் குட் இதையே எளிய விதியாக்கினார்: ஒரே முறை வந்த சொற்களின் எண்ணிக்கையை மொத்தச் சொல்வருகைகளால் வகுத்தால், அடுத்து கேட்கப்போகும் சொல் இதுவரை கேளாததாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழக் கிடைக்கும். ஆக, ஒரு மொழியில் நாம் இன்னும் அறியாதது எவ்வளவு என்பதற்கான சான்று அதன் அரிய சொற்களில் இருக்கிறது. பேச்சாளர்கள் குறையும்போது அன்றாடச் சொற்கள் தாக்குப்பிடிக்கும். ஒரு குறிப்பிட்ட நீரோட்டத்துக்கும் ஒரு குறிப்பிட்ட வகைக் கிழங்குக்கும் உரிய சொல், அரிய வேரோடு அரிய முன்னொட்டு சேரும் வடிவம், இவைதாம் முதலில் போகும். விடுபட்டது எவ்வளவு என்று குட்டின் விதி சொல்லும். விடுபட்டது எது என்று சொல்ல எந்த விதிக்கும் இயலாது.

கணிதத்தில் வேறொரு பரவலும் உண்டு. லோரான் ஷ்வார்ட்ஸ் 1940களில் வகுத்த, அவருக்கு 1950இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றுத் தந்த கோட்பாடு அது. இயற்பியலாளர் டிராக் பயன்படுத்திய ஒரு பொருள் கணிதவியலாளர்களைச் சங்கடப்படுத்திக்கொண்டிருந்தது: ஒரு புள்ளியைத் தவிர எங்கும் சுழி, ஆனாலும் மொத்தம் ஒன்று. சாதாரணச் சார்பு எதுவும் இப்படி இருக்க முடியாது. ஷ்வார்ட்ஸ் கேள்வியை மாற்றினார். இந்தப் புள்ளியில் மதிப்பு என்ன என்று கேட்பதை விட்டுவிட்டு, மென்மையான ஒவ்வொரு சோதனைச் சார்போடும் இதைச் சேர்த்தால் என்ன எண் கிடைக்கிறது என்று கேட்டார். எல்லாச் சோதனைகளுக்கும் கிடைக்கும் விடைகளின் தொகுதியே அந்தப் பொருள். அதற்கு அப்பால் அதற்கு வேறு இருப்பு தேவையில்லை. களத்தில் ஒரு மொழியியலாளர் செய்வதும் இதற்கு மிக நெருக்கமானது. இந்த வேரோடு இந்த முன்னொட்டு வருமா, ஒரு குழந்தையைப் பற்றி இப்படிச் சொல்வீர்களா, இறந்தவரைப் பற்றி எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டுக்கொண்டே போவது. ஒவ்வொரு கேள்வியும் ஒரு சோதனை. பேச்சாளரின் ஆமாம், இல்லை, அப்படிச் சொல்ல மாட்டோம் என்பவை விடைகள். பேச்சாளர் மறைந்த பிறகும் ஒலிப்பதிவு இருக்கும். அதனிடம் புதிய கேள்வி கேட்க முடியாது. ஒரு வடிவம் வராத இடங்களைப் பதிவு ஒருபோதும் சொல்லாது.

மூன்று துறைகளின் மூன்று தனிக் கருத்துகளை இப்படி ஒன்றாகக் கட்டுவது நியாயமா என்று கணிதம் படித்தவர் கேட்பார். நிகழ்தகவுப் பரவலுக்கு இருக்கும் கட்டுப்பாடுகள் ஷ்வார்ட்ஸின் பரவலுக்கு இல்லை; ஹாரிஸின் பரவலில் முதலில் எண்ணே தேவைப்படவில்லை. இந்த வேறுபாடுகளை நான் அழிக்கவில்லை. அந்தமானில் இவை ஒன்றுக்கொன்று காரணமாகிக் கோத்துக்கொள்கின்றன என்பதே என் வாதம். ஆட்களின் பரவல் சுருங்கும்போது சொற்களின் பரவலின் வால் அறுகிறது. வால் அறுந்தால் கூறுகளின் வருகையிடங்கள் தெரியாமல் போகின்றன. ஆளே இல்லாதபோது சோதிப்பதற்கே வழியில்லை. இதை ஒப்புமை என்று தள்ள முடியாது. ஒரு சரிவின் அடுத்தடுத்த படிகள் இவை.

இன்னும் வலுவான மறுப்பு 1901ஆம் ஆண்டுப் பட்டியலிலேயே இருக்கிறது. எண்ணிக்கைதான் விதி என்றால் சிறியவை முதலிலும் பெரியவை கடைசியிலும் மறைந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. 59 பேர் இருந்த கெடேயும் 50 பேர் இருந்த புசிக்வாரும் போய்விட்ட பிறகும், 48 பேர் இருந்த போவும் 39 பேர் இருந்த சாரியும் நீடித்தன. போ மொழியின் கடைசிப் பேச்சாளர் போவா சீனியர் 2010 ஜனவரி 26 அன்று இறந்தார். சாரியின் (இன்று சாரே என்பார்கள்) கடைசிப் பேச்சாளர் லிச்சோ 2020 ஏப்ரலில் இறந்தார். காரணம் இடம். 1858இல் ஆங்கிலேயர் கைதிக் குடியேற்றத்தை நிறுவிய போர்ட் பிளேர் பேயாக்களின் மண். 1877இல் பரவிய தட்டம்மையும், அதற்கு முன்பே வந்துவிட்ட மேகநோயும் அங்கிருந்து வெளியே பரவின. போவும் சாரியும் வடக்கு அந்தமானில், அந்த மையத்திலிருந்து மிகத் தள்ளி இருந்தன. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஆங்கிலேய அதிகாரிகளான இ. எச். மேனும் எம். வி. போர்ட்மனும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிக விரிவாக எழுதிவைத்தது பேயாவைத்தான். பதிவைக் கொண்டுவந்த நெருக்கமே சாவையும் கொண்டுவந்தது. எனவே வெறும் எண்ணிக்கைப் பட்டியல் போதாது என்பதை ஏற்கிறேன். யார் எங்கே, யாருக்குப் பக்கத்தில் என்ற இடப் பரவலும் வேண்டும். இது என் வாதத்தைக் குலைக்கவில்லை. வாலில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக, பெயரோடும் இடத்தோடும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. ‘பிற’ என்ற வரி முதலில் அழிப்பது அந்த இடத்தைத்தான்.

மொழி மூளைக்குள் இருக்கிறது, ஒருவர் மிஞ்சினாலும் முழு மொழியும் மிஞ்சியதே என்று மொழியியலாளர் நோம் சோம்ஸ்கியின் வழி வந்தவர்கள் சொல்லக்கூடும். அதில் உண்மை உண்டு. போவா சீனியரின் நினைவு இல்லாமல் அப்பியின் அகராதி இப்போதைய செழுமையைப் பெற்றிருக்காது. ஆனால் அவரோடு போ மொழியில் பேச யாரும் இல்லை. மற்றவர்களோடு பேச அவர் அந்தமான் இந்தியைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. டிராக்கின் புள்ளியைப் போல முழுக் கனமும் ஓரிடத்தில் குவிந்துவிட்ட நிலை அது. 1951இல் பெரிய அந்தமானியர் மொத்தமே 23 பேர். பின்னர் ஸ்ட்ரெயிட் தீவில் குடியமர்த்தப்பட்டவர்களிடையே நிலைத்தது ஜெருவை அடித்தளமாகக் கொண்டு கோரா, போ, சாரி கலந்த ஒரு பேச்சு. 1901இன் தலைக் குழுதான் கலவையின் அடித்தளமானது. மற்ற மூன்றும் அதற்குள் சொற்களாகக் கரைந்தன. கலவையிலிருந்து எது போவினது, எது கோராவினது என்று பிரித்தெடுப்பது, அவற்றைத் தனித்தனியாகப் பேசியவர்கள் இல்லாமல், பெரும்பாலும் ஊகமே.

நடைமுறை மறுப்புகள் இரண்டு. 2011இல் மக்கள் தாய்மொழி என்று சொன்ன பெயர்கள் 19,569. அவற்றை ஆராய்ந்து 1,369 தாய்மொழிகளாக ஒழுங்குபடுத்தவே பல ஆண்டுகள் ஆயின, எல்லாவற்றையும் அச்சிட முடியாது என்பது ஒன்று. அச்சிட வேண்டாம். ஒழுங்குபடுத்தும் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது; அதன் விளைவை மாவட்ட வாரியாக இணையத்தில் வைத்தால் போதும். நான்கைந்து பேர் மட்டும் பேசும் மொழியை வெளியிட்டால் அந்த ஆட்கள் அடையாளப்படுவார்கள் என்பது மற்றொன்று. இதை நான் மதிக்கிறேன். வயதையும் பாலையும் சேர்த்து வெளியிட வேண்டாம். பத்துக்குக் குறைவு, பத்து முதல் ஐம்பது என்று வீச்சாகத் தந்தாலே பரவலின் வடிவம் தெரிந்துவிடும். 44 என்ற எண்ணைப் பழங்குடி அட்டவணையில் தயங்காமல் வெளியிட்டவர்கள் மொழி அட்டவணையில் மட்டும் தயங்குவதற்குக் காரணமில்லை.

வால் முழுவதையும் அளந்தே ஆக வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. சென்டினல் தீவினரின் எண்ணிக்கை 2001இல் 39, 2011இல் 15. தொலைவில் நின்று, கரையில் கண்ணுக்குப் பட்டவர்களை மட்டும் எண்ணியவை இந்த எண்கள். மக்கள் குறைந்தார்கள் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. இரண்டுமே இத்தனை பேராவது இருக்கிறார்கள் என்ற கீழ் வரம்பு மட்டுமே. அவர்கள் மொழியின் ஒரு சொல்கூட வெளியாருக்கு உறுதியாகத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளப் போகவும் கூடாது. 1877இன் தட்டம்மை நினைவிருக்கிறவர் யாரும் அதைக் கேட்க மாட்டார். அங்கே அறியாமையை அறியாமை என்றே அட்டவணையில் குறிக்கலாம். ஜாரவாக்கள் 2001இல் 240 பேராக இருந்து 380 ஆனது, ஒதுங்கி வாழ விட்டால் வால் வளரவும் கூடும் என்பதைக் காட்டுகிறது.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. தாய்மொழிக் கேள்வி அதிலும் உண்டு. தீவுகளில் அதிகம் பேசப்படும் முதல் மூன்று மொழிகளில் ஒன்று நம்முடையது. நம் எண்ணிக்கை எப்படியும் அச்சாகிவிடும். அந்தமான் நிக்கோபாருக்காவது பத்தாயிரம் வரம்பை நீக்கி, சொல்லப்பட்ட தாய்மொழிகள் அனைத்தையும் பெயரோடும் மாவட்டத்தோடும் வெளியிட வேண்டும் என்று இந்தியத் தலைமைப் பதிவாளரிடம் இப்போதே கேட்போம். தீவுத் தமிழ் அமைப்புகள் அந்தக் கோரிக்கையில் முதலில் கையெழுத்திட வேண்டும்.